கால்கட்டுக்கு முன் நித்திரை

மூதூர் கிழக்கிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். அவருடைய அண்ணா பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனவர். வன்னியில் கடைசிவரை நின்று, 2009 மே மாதத்தில் சரணடைந்து, புனர்வாழ்வு முடித்து 2011இல் வீடு திரும்பினார். இப்போது 45 வயதைத் தாண்டிவிட்டார். கரையிலிருந்து இழுக்கும் கரைவலைக்குப் போகிறார், ஆனால் தொடர்ந்து போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து முற்றத்தைச் சுற்றி வருகிறார். வயலில் யானைவெடி கொளுத்தினால் நிலத்தில் குப்புற விழுந்துவிடுகிறார். பிறகு அந்த வெட்கத்தில் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டதற்கு மறுமொழி இல்லை. வந்தாலும் எரிந்து விழுகிறார். "ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரிவரும்" என்று அம்மா பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். தங்கையோ, மனம்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்று எண்ணி, பழையவற்றைப் பேசவைக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறார். வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

தங்கச்சி, அம்மா சொல்லும் வழியையும் உங்கள் வழியையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இரண்டிலும் அன்பு இருக்கிறது, வரிசைதான் பிழைத்திருக்கிறது. இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உளசமூகப் பணியில் இருந்து நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த வரிசையைப் பற்றியதுதான். போரிலிருந்து திரும்பிய ஒருவருக்கு முதலில் நித்திரையும் உடம்பும் ஒரு நிலைக்கு வர வேண்டும். அதன் பிறகு கையில் ஒரு தொழில் தரிக்க வேண்டும். செத்துப்போனவர்களைப் பற்றிய பேச்சு, அவருக்கு ஏலுமான நேரத்தில், அவர் தெரிந்தெடுக்கும் ஆளிடம் வரும். அந்த ஆள் நீங்களாக இல்லாமலும் போகலாம். கல்யாணம் அதற்கும் பிறகு, அவராக விரும்பினால்.

இதை நான் முன்னாள் போராளிகளை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. சேருவிலயில் ஓய்வுபெற்ற இராணுவச் சிப்பாய் ஒருவரும், கிண்ணியாவில் ஊர்காவற்படையில் இருந்த ஒருவரும் ஒரே மாதத்தில் என்னிடம் சொன்ன முறைப்பாடு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது: விடியப்புறம் இரண்டு மணிக்கு விழிப்பு, வெடிச் சத்தம் கேட்டால் நெஞ்சு பதறல், பிள்ளைகளை அடித்துவிட்டுப் பின்னர் அழுதல். சிப்பாய்க்கு ஓய்வூதியம் இருக்கிறது. படையினரின் நலன் பார்க்க 1999இல் சட்டத்தின் மூலம் உருவான ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. ஊரில் அவருக்கு மரியாதையும் இருக்கிறது. உங்கள் அண்ணாவுக்கு இவற்றில் ஒன்றுமில்லை, அந்த வேறுபாடு சிறியதல்ல. ஆனால் நித்திரை கெட்ட உடம்பு எந்தச் சீருடையை அணிந்திருந்தது என்று பார்ப்பதில்லை. ஆகையால் ஒருவருக்குப் பயன்பட்ட சிகிச்சை மற்றவருக்கும் பயன்படுகிறது.

அவருக்கு என்ன நடக்கிறது என்பதை வீட்டார் விளங்கிக்கொண்டால் பாதி மனத்தாங்கல் குறையும். பல ஆண்டுகள் ஷெல்லுக்கும் கிபிர்ப் போர்விமானத்துக்கும் இடையில் வாழ்ந்த உடம்பு, சத்தம் கேட்டதும் யோசிக்காமல் நிலத்தில் விழப் பழகியது. அப்படிப் பழகியபடியால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். சண்டை முடிந்துவிட்டது என்ற செய்தி மூளைக்குத் தெரியும், ஆனால் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அதன் ஆழமான பகுதி அதை இன்னும் நம்பவில்லை. இதைக் கோழைத்தனம் என்றோ பைத்தியம் என்றோ சொல்வது பிழை. உலகம் இதற்கு ஒரு பெயர் வைக்கவே நெடுங்காலம் எடுத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் கண்ட நெஞ்சுப் படபடப்பை 1871இல் டா கோஸ்டா என்ற வைத்தியர் இருதயக் கோளாறாக எழுதினார். முதலாம் உலகப் போரில், 1915இல், சார்ள்ஸ் மையர்ஸ் அதை ஷெல் அதிர்ச்சி என்றார். வியட்நாம் போருக்குப் பின்னர் 1980இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர்களின் நோய்ப் பட்டியலில் அது பி.ரி.எஸ்.டி. என்ற இன்றைய பெயரோடு இடம்பிடித்தது. எங்கள் வைத்தியர்கள் அதை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வைத்தியம் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் எழுதியும் பேசியும் வந்ததால், மனவடு என்ற சொல் கிராமத்துப் பெண்களின் வாயிலும் இன்று புழங்குகிறது.

இனி இரவுக்கு வருவோம். கனவில் உளறுகிறாரென்றால் தோளைப் பிடித்து உலுப்பி எழுப்பாதீர்கள். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று, முதலில் விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவருக்கு இயக்கப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லாமல், சிறுவயதில் வீட்டில் அழைத்த பெயரைச் சொல்லுங்கள். கண் திறந்ததும், "இது வீடு, நான் தங்கச்சி, மழை பெய்யுது, நாய்தான் குரைச்சது" என்று கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற உண்மைகளை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். என்ன கனவு என்று அப்போது கேட்க வேண்டாம். முற்றத்தைச் சுற்றி வருவதையும் உடனே நிறுத்தப் பார்க்காதீர்கள். அது அவர் செய்யும் காவல். கேற்றைப் பூட்டிவிட்டுத் திறப்பை அவரிடமே கொடுத்து, படுக்கும் முன் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதை வீட்டு வழக்கமாக்கிய ஒரு குடும்பத்தில், மூன்றாம் மாதம் சுற்று ஒன்றோடு நின்றது. அந்தி சாய்ந்த பின் தேநீரைக் குறைப்பதும், மத்தியானப் படுக்கையை அரை மணி நேரத்தோடு முடிப்பதும், முந்தின இரவு எவ்வளவு கெட்டாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புவதும் சிறிய காரியங்கள்தாம், ஆனால் மருந்து வேலை செய்வதற்கு இவை தளம் போட்டுக் கொடுக்கும்.

யானைவெடியை நிறுத்த முடியாது. நெல் முற்றிய வயலுக்குள் யானை இறங்கினால் கமக்காரனுக்கு அதுதான் கதி. ஆனால் முன்கூட்டித் தெரிந்த சத்தமும் திடீரென்று வரும் சத்தமும் நெஞ்சுக்கு ஒன்றல்ல. உங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்பில் காவலுக்குப் போகிறவர்களிடம் அண்ணாவின் நிலையை விளக்கத் தேவையில்லை. "இண்டைக்கு வெடி போடுவதென்றால் ஒரு ரெலிபோன் கோல் எடுங்கோ, வீட்டில் சின்னப் பிள்ளை பயப்படுது" என்று சொன்னால் போதும். தைமாசத்துத் திருமண வெடிக்கும் தீபாவளிக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். கடலில் கள்ளமாக டைனமைட் போட்டு மீன் பிடிப்பவர்களிடம் மட்டும் இந்த ஏற்பாடு செல்லாது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டுக் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிய ஒருவரை எனக்குத் தெரியும். வலையின் முதலாளியான அவருடைய சம்மாட்டி அடுத்த நாள் அவரைக் கரையில் வலையின் மடியை அவிழ்த்து மீனைத் தரம்பிரிக்கும் வேலைக்கு மாற்றினார், ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்தச் சம்மாட்டி எந்தப் பயிற்சிப் பட்டறைக்கும் போனவர் அல்லர்.

கேட்டதற்கு மறுமொழி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கோபம் என்று முடிவு கட்டுமுன் காதைச் சோதியுங்கள். குண்டுச் சத்தத்துக்கு அருகே ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களின் கேள்விப்புலன் மெல்லக் கெடுகிறது. அதுவும் முதலில் கெடுவது உச்சத் தொனிகளைக் கேட்கும் திறன். ஆகவே ஆணின் கட்டைக் குரல் கேட்கும், பெண்ணின் குரலும் பிள்ளையின் குரலும் அரைகுறையாகத்தான் விழும். அதோடு காதுக்குள் ஓயாத இரைச்சல் இருந்தால் ஆள் எரிச்சலாகத்தான் இருப்பார். அவர் உங்களோடு பேச விரும்பவில்லை என்று நீங்களும், எல்லாரும் தன் முதுகுக்குப் பின்னால் குசுகுசுக்கிறார்கள் என்று அவரும் எண்ணிக்கொண்டு ஒரே வீட்டில் பத்து ஆண்டு வாழ்ந்துவிடலாம். மாவட்டப் பொது வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு ஒரு துண்டுச் சீட்டு வாங்கிப் போவது மனநலக் கிளினிக்குக்குப் போவதைவிட அவருக்குக் கௌரவமாகப் படும். நான் பலரை வைத்தியசாலை வாசலைத் தாண்ட வைத்தது இந்தக் காதைச் சொல்லித்தான். குண்டு அதிர்ச்சியில் மண்டை கலங்கி ஒருமுறையாவது மயங்கி விழுந்திருக்கிறாரா என்றும் கேட்டு வையுங்கள். தலையிடி, மறதி, சட்டென்று வரும் சினம் ஆகியவற்றுக்கு அந்தப் பழைய அடியும் காரணமாக இருக்கலாம்; வைத்தியருக்கு அது தெரிய வேண்டும்.

உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வன்னியில் கடைசிவரை நின்றவர்களில் பலருக்கு இருக்கிறது. "பீஸ் கிடக்குது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எடுத்தால்தான் நல்லது என்றில்லை, பல துண்டுகளை வைத்தியர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் நிலை வந்தால், உடம்பில் உலோகம் இருப்பதை, அதுவும் கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகே இருந்தால், படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை அசைத்துவிடக்கூடும். பாரம் தூக்க முடியாமல் வேலையை இடையில் விடுபவரை ஊர் சோம்பேறி என்கிறது. அவருக்கு முதுகில் விரல்நகம் அளவு இரும்பு இருப்பது ஊருக்குத் தெரியாது, அவரும் சொல்லமாட்டார்.

கால் இழந்தவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு சொல். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் 1960களின் இறுதியில் இந்தியாவில் உருவானபோதே, செருப்பில்லாமல் நடக்கவும், குந்தியிருக்கவும், சேற்று வயலில் இறங்கவும் ஏலுமாக வடிவமைக்கப்பட்டது. எங்கள் வாழ்க்கைக்கு அது பொருந்துவதற்குக் காரணம் அதுதான். ஆனால் எஞ்சிய காலின் அடிக்கட்டை நாளடைவில் மெலியும். அதைச் செருகும் குழி தளர்ந்து உராய்ந்து புண்ணாகும். உப்புத் தண்ணீர் இரும்புப் பாகங்களைத் தின்னும். ஒருமுறை பொருத்தியதோடு முடிந்தது என்று எண்ணாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவெடுத்து மாற்ற வேண்டும். இல்லாத காலில் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது கற்பனையன்று. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியை வைத்து இந்த வலிக்கு ஒரு பயிற்சியைக் காட்டினார்: இருக்கும் காலின் பிம்பத்தை இல்லாத காலின் இடத்தில் பார்த்தபடி அசைக்க, மூளை சமாதானமாகிறது. எல்லாருக்கும் அது பலிப்பதில்லை, சிலருக்கு நன்றாகப் பலிக்கிறது. செலவு ஒரு கண்ணாடி மட்டுமே.

மருந்தைப் பற்றி ஊரில் இரண்டு பயம் உண்டு: ஆளை மந்தமாக்கும், விடமுடியாமல் போகும். இந்தப் பயம் ஒருவகை மருந்துக்கு முழுக்கப் பொருந்தும். டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகள் பழக்கமாகிவிடும். மனவடு நோய்க்கு அவை நீண்டகால மருந்தே அல்ல. அதைக் கள்ளச் சாராயமான கசிப்போடு சேர்த்து எடுத்தால் மூச்சு அடங்கிப் போகலாம். ஆகவே பாமசியில் சொல்லி வாங்கிக் கொடுக்கும் வேலையை வீட்டில் யாரும் செய்யாதீர்கள். வைத்தியர் பெரும்பாலும் எழுதும் செர்ட்ரலின் போன்றவை வேறு இனம். முதல் வாரங்களில் வயிற்றுப் புரட்டல் இருக்கலாம். பலன் தெரியச் சில வாரங்கள், முழுப் பலனுக்கு இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். பத்தாம் நாள், "ஒண்டும் செய்யேல்லை" என்று குப்பைக்குள் போடுவதும், சுகமானதும் ஒரே நாளில் நிறுத்துவதும்தான் நான் அதிகம் கண்ட இடறல்கள். மருந்தோடு சேர்த்து, பயிற்சி பெற்ற ஒருவரிடம் கிழமைக்கு ஒருமுறை என்று சில மாதங்கள் செய்யும் உளச்சிகிச்சையும் உண்டு. பழைய நினைவை ஒழுங்கான முறையில், அளவளவாக அணுகப் பழக்குவது அது. அதற்கு நல்ல பலன் இருப்பது பல நாடுகளின் முன்னாள் படையினரிடம் உறுதியாகியிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் அதைச் செய்யக்கூடியவர்கள் மிகக் குறைவு என்பது என் பழைய மனக்குறை.

கசிப்பைப் பற்றித் தனியாக ஒன்று. அவர் குடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை; குடித்தால் அது பெரும்பாலும் நித்திரைக்காகத்தான் இருக்கும். கசிப்பு ஆளைச் சாய்க்கும், ஆனால் பின்னிரவில் நித்திரையை உடைக்கும். அந்த இரண்டு மணி விழிப்பில் அதற்கும் பங்கு இருக்கலாம். நித்திரைக்கு மாற்று வழி கொடுக்காமல் போத்தலைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், நிறுத்துவதையும் வைத்தியரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

பேசவைப்பது பற்றிய என் கருத்துக்கு ஒரு பழைய பிழை அடிப்படை. சுனாமிக்குப் பின்னர் இந்தக் கரையெங்கும் ஆற்றுப்படுத்தல் பயிற்சிகள் நடந்தன. வட்டமாக உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்வது அப்போதைய வழக்கம். நானும் அப்படித்தான் பழகினேன். போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நிறுவனத்துக்காக அப்படி ஒரு வட்டத்தை நடத்தியபோது, வாய் திறக்காமல் இருந்த ஒருவரை, "நீங்களும் சொல்லுங்கோ அண்ணன், சொன்னால் லேசாகும்" என்று நான் வற்புறுத்தினேன். அவர் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து போனவர் இரண்டு ஆண்டுகள் எங்கள் பக்கம் வரவில்லை. அந்த இரண்டு ஆண்டும் அவருக்கு எப்படிப் போயிற்று என்று அவருடைய மனைவி பின்னர் சொன்னதை எழுத எனக்கு மனமில்லை. ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை பயனற்றது, சிலருக்குக் கேடும் செய்யும் என்பதை உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கொட்டிய பிறகு அள்ளி எடுத்து வைக்க யாராவது கூட இருக்க வேண்டும். ஒரு நாள் பட்டறையில் அதற்கு ஆள் இல்லை. ஆகவே நீங்கள் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். வலை பொத்தும்போது பக்கத்தில் இருந்து நூல் கோத்துக் கொடுங்கள். அவர் தானாக ஒரு வரி சொன்னால், அந்த ஒரு வரியைக் கேளுங்கள். அடுத்த வரியைத் தோண்டாதீர்கள்.

தொழிலில் நான் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்வேன்: கடன் எடுத்துப் படகு வாங்கிக் கொடுக்காதீர்கள். அரசின் கணக்கில் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு பெற்று வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் தச்சு, மேசன் வேலை என்று ஏதோ ஒன்றைப் பழகித்தான் வந்தார்கள். அவர்களை விழுத்தியது பெரும்பாலும் கைவேலை தெரியாமை அல்ல. நுண்கடனும், தவணை கட்ட முடியாத மாதங்களும்தான். பங்குக்கு வலை இழுக்கும் வேலை குறைந்த வருமானம் என்றாலும், நித்திரை கெட்ட ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய பங்கு மட்டும்தான் போகும். அவர் மீளும் காலத்தில் தவறிவிழ இடம் கொடுக்கும் தொழில் வேண்டும். ஆண்டுச் சக்கரத்தையும் கவனியுங்கள். இங்கே வாடைக்காற்று எழும்பி, கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் கரைவலைக்கு வேலை இல்லை. அவர் வீட்டில் சும்மா இருக்கும் அதே மாதங்களில்தான் மாவீரர் நாளான நவம்பர் 27 வருகிறது, மழை இரவுகள் வருகின்றன, அடுத்து நெல் முற்றத் தொடங்க யானைவெடியும் வருகிறது. நான் கண்ட மோசமான வீழ்ச்சிகள் பெரும்பாலும் இந்த மூன்று மாதங்களுக்குள் நடந்தவை. ஆகவே புரட்டாசியிலேயே யோசியுங்கள்: பெரும்போக வயலில் வரம்பு கட்டும் வேலையோ, வலை பொத்தும் கூலியோ, வளவுக்குள் மரக்கறித் தோட்டமோ, ஏதாவது ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும்.

ஊர் அவரைப் பார்க்கும் பார்வையும் ஒரு நோய்க்காரணிதான். பொலிஸோ புலனாய்வோ வந்து விசாரித்துவிட்டுப் போனால், அடுத்த நாள் கூலிக்குக் கூப்பிடுபவர் கூப்பிடமாட்டார். விசாரணைக்கு அழைத்தால் தனியே அனுப்பாமல் வீட்டார் ஒருவரோ கிராம உத்தியோகத்தரோ கூடப் போங்கள். போன திகதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். தொல்லை தொடர்ந்தால் திருகோணமலையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். ஆனால் அவரை அதிகம் குத்தும் பார்வை அந்தப் பக்கத்திலிருந்து வருவதன்று. "என்ர பிள்ளை எங்க? நீ மட்டும் எப்படி வந்தனி?" என்று ஒரு தாய் கேட்கும் கேள்விதான் அது. கழுத்தில் சயனைட் குப்பி கட்டியிருந்தவர் உயிரோடு வந்ததையே குற்றமாகக் கருதும் ஒரு மனநிலை எங்களுக்குள் இருக்கிறது. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண் என்று புண்ணுக்கே புகழும் பழியும் பிரித்து வைத்த மொழி எங்களுடையது; தப்பி வந்தவனின் புண்ணுக்கு அதில் ஒரு நல்ல சொல் இல்லை. அந்தத் தாயைக் குறை சொல்லவும் முடியாது. காணாமல் போனவரைத் தேடும் ஒருவர், கடைசியாகக் கூட நின்றவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பார்? ஆனால் அப்படிக் கேட்க வருகிறவர்களை முதலில் நீங்கள் சந்தித்துப் பேசி, அவருக்குச் சொல்ல ஏலுமான நாளைப் பார்த்து அழைக்கலாம்.

இங்கே மருந்தின் எல்லை வந்துவிடுகிறது. தான் செய்ததும், செய்யத் தவறியதும், தன் கண்முன்னே நடக்க விட்டதும் ஒருவரை உள்ளே அறுப்பதை, வியட்நாம் போர் வீரர்களோடு வேலை செய்த ஜொனதன் ஷே என்ற அமெரிக்க மனநல வைத்தியரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தனியாகப் பிரித்துப் பேசினார்கள். தமிழில் அதை அறக்காயம் எனலாம். ஊரில் "பழி கிடக்குது" என்பார்கள், அந்தச் சொல்லே எனக்குச் சரியாகப் படுகிறது. பயத்துக்கு வைத்தியரிடம் போகலாம், பழிக்கு எங்கே போவது? எங்கள் சமயத்தில் அதற்கு வழி இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. பிதிர்க்கடன் தாய் தந்தையருக்கு மட்டும் உரியதன்று. புரட்டாசி மாளய பட்சத்தில், இரத்த உறவில்லாத நண்பர்களையும் ஆசிரியர்களையும் காருண்ய பித்ருக்கள் என்று பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடலாம். ஒருமுறை ஒருவர், பதினொரு பேரின் பெயரை ஒரு கொப்பித் தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் வீட்டுப் பெயர்கள். இயக்கப் பெயர் மட்டுமே தெரிந்த இருவரின் சொந்தப் பெயரைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆறு மாதம் எடுத்திருந்தது. ஐயர் பெயரைக் கேட்கக் கேட்க அவர் தாளைப் பார்க்காமலே சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் அடுத்த நாள் வெயில் ஏறிய பிறகுதான் எழும்பினார் என்று அவருடைய அக்கா சொன்னார். ஒவ்வொருவருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கிண்ணியாக்காரர் தன்னோடு காவலில் நின்று செத்தவருக்கு ஆண்டுதோறும் கத்தம் ஓதுவிக்கிறார். சேருவிலச் சிப்பாய் விகாரைக்குத் தானம் கொடுக்கிறார். உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இன்றும் புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. போராளிகளைப் புதைத்த துயிலுமில்லங்கள் இடிக்கப்பட்ட பின்னர், உங்கள் அண்ணாவின் தோழர்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை; தண்ணீர் விடுவதற்குக் கல் தேவையுமில்லை. இதையும் நீங்கள் ஏற்பாடு செய்து அவரை இழுத்துப் போக வேண்டாம், இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒருமுறை காதில் போட்டு வையுங்கள்.

அம்மாவின் கால்கட்டுக்கு வருகிறேன். நித்திரையில் கை ஓங்கக்கூடிய ஒருவரின் பக்கத்தில், ஒன்றும் சொல்லாமல் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து படுக்க வைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். ஆறு மாத மருந்துக்கும் சீரான தொழிலுக்கும் பிறகு, அவர் தானே பெண்ணிடம் தன் நிலையைச் சொல்லி, அவள் தெரிந்தே சம்மதித்தால் அது வேறு கதை. அப்படி நடந்து நன்றாக வாழும் குடும்பங்களை நான் அறிவேன். இதில் முன்னாள் பெண் போராளிகளின் நிலை இன்னும் கடினம். ஆணுக்குப் பெண் தேடும் அதே ஊர், இயக்கத்தில் இருந்தவள் என்றதும் வாசலிலேயே திரும்பிவிடுகிறது. அவர்கள் கிளினிக்குக்கு வருவதும் குறைவு. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், மாதர் சங்கக் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள்.

"செத்திருந்தால் நல்லது" என்பது போல் அவர் எப்போதாவது சொன்னால், பேச்சை மாற்றாதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருந்தது பலருக்கு மூச்சு விட இடம் தந்திருக்கிறது. கிருமிநாசினிப் போத்தல்களை அன்றே வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். இந்த நாட்டில் 1995 அளவில் உச்சத்தில் இருந்த தற்கொலை, கொடிய கிருமிநாசினிகளைத் தடைசெய்த பின் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கைக்கு எட்டாமல் வைப்பதே ஒரு சிகிச்சை என்பதற்கு உலகம் காட்டும் சான்றுகளில் எங்களுடையதும் ஒன்று. அவசரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு முன், ஒரு கொப்பியில் பதினான்கு நாள் கணக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழும்பினார், அன்று என்ன சத்தம் கேட்டது, குடித்தாரா, வேலைக்குப் போனாரா என்ற ஐந்து விடயங்கள் போதும். அவருக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். அவர் சம்மதித்தால் அவரே எழுதட்டும், ஒழுங்காகக் குறிப்பெழுதப் பழகிய கை அவருடையது. கிளினிக்கில் சனம் நிறைய. வைத்தியருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, முதலில் காதையும் முதுகையும் சொல்லுங்கள். கனவுகளைப் பற்றி வைத்தியர் கேட்டால், நீங்கள் எழுந்து வெளியே வாங்கில் போய் இருங்கள்.